பாதி வண்டி எண்

கீழே விழுந்ததும் அப்பா முதலில் கேட்டது, "வண்டி நம்பரப் பாத்தியாம்மா?" என்றுதான். இடது தோள் தரையோடு அழுந்திக் கிடக்கிறது. ஹெல்மெட்டின் முன்கண்ணாடி பிளந்துவிட்டது. ஒரு செருப்பு நடுரோட்டில் கிடக்கிறது. வலிக்கிறது என்று சொல்வதற்கு முன்பே அவருக்கு அந்த எண் வேண்டியிருந்தது.

நான் பார்த்திருந்தேன், ஆனால் பாதிதான். டிஎன் 58 என்பதும் கடைசி இரண்டு இலக்கங்களும் நினைவில் நின்றன. நடுவில் இருந்த எதுவும் மனதில் ஏறவில்லை.

நடந்தது மதுரை பைபாஸ் ரோட்டில், பொன்மேனி தாண்டி. வியாழக்கிழமை சாயந்திரம் ஐந்தரை மணி இருக்கும். அப்பாவுக்குக் கண்புரை அறுவை முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. பரிசோதனைக்குக் கூட்டிப் போய்விட்டு, ஸ்கூட்டரில் இடது ஓரமாகத் திரும்பிக்கொண்டிருந்தோம். வண்டி முப்பதைத் தாண்டவில்லை. எதிரே ஒரு வெள்ளைக் கார், எங்கள் பக்கத்திலேயே எங்களை நோக்கி வந்தது. சென்டர் மீடியனில் அடுத்த திறப்பு வரை போய்த் திரும்பி வந்தால் இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடத்தை மிச்சம் பிடிக்க ராங் சைடில் ஏறிவிட்டார். ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கையில் போன். காதில் வைத்துப் பேசவில்லை. கட்டைவிரலால் திரையைத் தள்ளிக்கொண்டிருந்தார். ஹாரன் அடித்தேன். நிமிர்ந்தார், வெடுக்கென்று ஒடித்தார். அவருடைய கதவுக் கண்ணாடி என் வலது கைப்பிடியைத் தட்டியது. நாங்கள் இடது பக்கமாகச் சாய்ந்தோம்.

கார் கொஞ்ச தூரம் போய் நின்றது. பிரேக் லைட் எரிந்தது. இறங்கி வரப்போகிறார் என்றுதான் நினைத்தேன். மூன்று நொடி இருக்கும். பிறகு லைட் அணைந்தது, கார் போய்விட்டது. எண்ணைப் படித்திருக்க வேண்டிய அந்த மூன்று நொடியும் நான் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். கதவு திறக்கும், ஒரு கால் வெளியே வரும் என்று காத்திருந்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

பஞ்சர் கடைக்காரர் ஒருவர் ஓடி வந்தார். ஆட்டோ அண்ணன் ஒருவர், "ஐயா, அசையாதீங்க, கையத் தூக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே அப்பாவின் தலைக்கடியில் தன் துண்டை மடித்து வைத்தார். காறை எலும்பு முறிந்திருக்கிறது என்று ஒரு மணி நேரத்துக்குப் பிறகு தெரிந்தது. தலைக்கு ஒன்றும் ஆகவில்லை. பின்னால் உட்கார்ந்து வருகிறவருக்கும் ஹெல்மெட் வேண்டும் என்று வீட்டில் பிடிவாதமாக இருப்பவர் அப்பாதான். அந்தப் பிடிவாதம் அன்றைக்கு அவரையே காப்பாற்றியது.

அவர் ஏன் எண்ணைக் கேட்டார் என்று எனக்குத் தெரியும். 1981இல் பாண்டியன் போக்குவரத்துக் கழகத்தில் டிரைவராகச் சேர்ந்தவர். 1997இல் கழகங்களின் பெயரெல்லாம் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்று ஒன்றாக மாறியது. அவர் வேலை மாறவில்லை. மதுரை, உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய், தேனி என்று 2012இல் ஓய்வு பெறும்வரை அந்தத் தடம்தான். பஸ்ஸின் மேல் கழகத்தின் பெயர் இருக்கும், எந்தக் கிளை என்று இருக்கும், எண் இருக்கும். எந்த நேரத்தில் எந்த வண்டியை யார் ஓட்டினார் என்று டெப்போவில் எழுதி வைத்திருப்பார்கள். ஒருமுறை ஆண்டிபட்டிக்கு முன்னால் ஒரு ஆட்டுக்குட்டி குறுக்கே விழுந்துவிட்டது. நிறுத்தி, இறங்கி, ஆட்டுக்காரப் பாட்டி வரும்வரை நின்று, தன் பையிலிருந்து பணம் கொடுத்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தார். அன்றைக்குத் தேனிக்கு முக்கால் மணி நேரம் தாமதம். மெமோ கொடுத்தார்கள். அந்தக் கதையை எங்களுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார், ஒவ்வொரு தடவையும் "நிக்காமப் போயிருந்தா தூக்கம் வந்திருக்காதும்மா" என்று முடிப்பார். இப்போது தோளில் கட்டோடு படுத்துக்கொண்டு அவர் திரும்பத் திரும்பச் சொல்வது, "நின்னான்ல? நின்னுட்டுத்தான போனான்?" என்பதைத்தான். தெரியாமல் போயிருந்தால்கூட அவர் மன்னித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

மறுநாள் காவல் நிலையம் போனேன். ஏட்டையா நல்ல மாதிரியாகத்தான் பேசினார், உட்காரச் சொன்னார். என்னிடம் கேட்டவை: பெயர், அப்பா பெயர், வயது, முகவரி, செல் நம்பர், ஆதார் நகல், ஓட்டுநர் உரிமம், ஆர்.சி., இன்சூரன்ஸ், ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு (ஏ.ஆர்.) காப்பி. எல்லாவற்றையும் கொடுத்தேன். கடைசியில் கையில் கிடைத்த, புகார் வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீதில் என்னைப் பற்றி ஏழு வரி இருந்தது. இடித்தவரைப் பற்றி, "அடையாளம் தெரியாத நான்கு சக்கர வாகனம்" என்று ஒரே வரி. வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று அந்தத் தாளை இரண்டு முறை படித்தேன். அடிபட்ட நாங்கள் யார் என்று ஒவ்வொரு எழுத்தும் பதிவாகிவிட்டது, அடித்தவர் யாரும் இல்லை.

எதிரில் இருந்த கடையின் கேமராவையும் பார்த்தோம். கடைக்காரர் பொறுமையாக ஓட்டிக் காட்டினார். நாங்கள் விழுவது தெரிகிறது, கார் நிற்பதும் தெரிகிறது. நிறுத்திப் பெரிதாக்கினால் நம்பர் பிளேட் மட்டும் வெள்ளைப் பொட்டாகிவிடுகிறது.

நாலாம் நாள் காலையில் ஒரு போன். ஆண் குரல், ரொம்ப அக்கறையான குரல். "மேடம், அப்பாவுக்கு லெஃப்ட் சைடு காலர் போன் ஃப்ராக்சராமே. கிளெய்ம் போட்ருவோம் மேடம். உங்களுக்கு ஒரு ரூபாய் செலவில்ல, வர்றதுல ஒரு பர்சன்டேஜ் மட்டும்தான்."

கையில் கஞ்சி டம்ளரோடு நின்றுவிட்டேன். முறிந்தது எந்தப் பக்கம் என்பது என் தம்பிக்கே அப்போது சரியாகத் தெரியாது, அவன் சிங்கப்பூரில் இருக்கிறான். "உங்களுக்கு யார் சொன்னது?" என்றேன். "எல்லாம் நமக்குத் தெரிஞ்சவங்கதான் மேடம்" என்றார். எக்ஸ்ரேயைப் பார்த்தவர்கள், அந்தத் தாளை மடித்து ஃபைலில் வைத்தவர்கள், கணினியில் ஏற்றியவர்கள் என்று ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தேன். எல்லாரும் அன்பாகத்தான் நடந்துகொண்டார்கள். அவர்களில் ஒருவருக்கு எங்கள் வீட்டு எலும்பு முறிவு நூறு ரூபாயோ இருநூறு ரூபாயோ பெறுமானமுள்ள தகவலாக இருந்திருக்கிறது. யார் மீது சந்தேகப்படுவது என்று தெரியாததால், அடுத்த முறை கட்டு மாற்றப் போனபோது அங்கே யாருடைய முகத்தையும் என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை. இதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கசப்பாக இருந்தது.

அதற்கு இரண்டு நாள் கழித்து ஒரு பெண் கூப்பிட்டார். என் ஸ்கூட்டரின் எண்ணை ஒப்பித்தார், மாடலைச் சொன்னார், "உங்க பாலிசி பதினேழாம் தேதி எக்ஸ்பைரி ஆகுது மேடம், ரினியூ பண்ணிடலாமா?" என்றார். என் பாலிசி நான் ஒரு இடத்தில் எடுத்தது. இவர் பேசியது வேறு ஏதோ இடத்திலிருந்து. நம்பர் எப்படிக் கிடைத்தது என்றால், "சிஸ்டத்துல வருது மேடம்" என்றார். அவர் சொன்னது உண்மைதான், அந்தப் பெண்ணுக்கு அதற்கு மேல் தெரிய வழியில்லை. நாள் முழுக்க ஹெட்போனை மாட்டிக்கொண்டு திட்டு வாங்குகிற வேலை. அவர் மீது எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க, ஆஸ்பத்திரியிலிருந்தோ ஸ்டேஷனிலிருந்தோ கூப்பிடுவார்கள் என்று, தெரியாத எண்களையெல்லாம் எடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் ஒருவர் படுத்திருக்கும்போது போனை அமர்த்தி வைக்க முடியாது. தனிக்கடன், மனை, காப்பீடு என்று வந்த ஒவ்வொரு அழைப்புக்கும் அப்பா படுக்கையிலிருந்து, "ஸ்டேஷனாம்மா?" என்று கேட்பார். இல்லைப்பா என்பேன்.

என் எண்ணை நான் எங்கெல்லாம் கொடுத்திருக்கிறேன் என்று ஒரு ராத்திரி உட்கார்ந்து யோசித்தேன். ஜவுளிக்கடை, மருந்துக்கடை, மிட்டாய்க்கடை, பெட்ரோல் பங்கில் தங்கக்காசு கூப்பன், அக்கா வீட்டு அபார்ட்மெண்ட் வாசலில் செக்யூரிட்டி நோட்டு. அந்த நோட்டைத் திறந்தால் எனக்கு முன்னால் வந்தவரின் பெயர், எண், எந்த வீட்டுக்கு வந்தார் என்பதெல்லாம் தெரியும். எனக்குப் பின்னால் வருகிறவருக்கு நான் தெரிவேன். கடைகளில் பில் போடுகிற பிள்ளைகள் தலை நிமிராமலே "மொபைல் நம்பர்" என்பார்கள், நாமும் யோசிக்காமல் பத்து இலக்கத்தையும் சொல்லிவிடுவோம், வரிசையில் பின்னால் நிற்பவர் காதிலும் விழும்படியாக. பில் போட எண் கட்டாயமில்லை, வாடிக்கையாளரை வற்புறுத்தாதீர்கள் என்று 2023 மே மாதம் நுகர்வோர் விவகாரத் துறையே கடைகளுக்கு அறிவுறுத்தியது. இது பலருக்குத் தெரியாது. நான் இப்போது "நம்பர் இல்லாமப் போடுங்கம்மா" என்கிறேன். சில கடைகளில் உடனே போட்டுவிடுகிறார்கள். சில கடைகளில் அந்தப் பிள்ளை பரிதாபமாகச் சூப்பர்வைசரைத் திரும்பிப் பார்க்கிறது.

ஜெராக்ஸ் கடையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சி.எஸ்.ஆருக்காக ஆதார் நகல் எடுக்கப் போனேன். "இந்த நம்பருக்கு வாட்ஸப்ல அனுப்புங்கக்கா" என்று சுவரில் ஒட்டியிருந்த எண்ணைக் காட்டினார் பையன். அனுப்பினேன். அவர் திறந்த திரையில் என் ஆதாருக்கு மேலே வேறொருவருடைய பான் கார்டு, அதற்கு மேலே ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் மதிப்பெண் பட்டியல், அதற்கு மேலே யாரோ ஒருவருடைய ரத்தப் பரிசோதனை முடிவு. அந்தப் பரிசோதனைத் தாளில் பெயரும் வயதும் என்னால் படிக்கிற தூரத்தில் இருந்தன. பார்வையை விலக்கிக்கொண்டேன். "இதையெல்லாம் அழிப்பீங்களா தம்பி?" என்றேன். "ஸ்டோரேஜ் ஃபுல்லானா அழிப்பேன்க்கா" என்றார். கெட்ட பையன் இல்லை, கேட்டதும் என்னுடையதை என் கண் முன்னாலேயே அழித்தார். ஊரில் பாதிப் பேருடைய அடையாளம் அந்த மேசைமேல் கிடக்கிறது என்று அவரிடம் யாரும் இதுவரை சொன்னதில்லை. எண்ணின் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரிகிற ஆதாரை ஆதார் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம், நகல் கேட்கிற நிறைய இடங்களுக்கு அதுவே போதும். அதையும் நான் இந்த வயதில், இந்த விபத்துக்குப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

சரி, வண்டி விவரம் எப்படி ஊர் சுற்றுகிறது? இதில் அரசாங்கத்துக்கே ஒரு பழைய பங்கு உண்டு. 2019 மார்ச்சில் ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், வாகனப் பதிவுத் தரவை மொத்தமாக விற்பதற்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. வணிக நிறுவனங்களுக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் கட்டணம். அந்த ஆண்டு ஜூலையில் நாடாளுமன்றத்தில் கொடுத்த பதிலின்படி 87 தனியார் நிறுவனங்களுக்கும் 32 அரசு அமைப்புகளுக்கும் வண்டிப் பதிவு விவரம் உள்ள வாகன், ஓட்டுநர் உரிம விவரம் உள்ள சாரதி ஆகிய தரவுத்தளங்களைப் பார்க்க அனுமதி இருந்தது, வந்த வருமானம் 65 கோடி ரூபாய். மொத்தமாகத் தருகிற தரவில் உரிமையாளர் பெயர் இருக்காது என்றார்கள். ஆனால் வெளியில் கிடைக்கும் மற்றத் தகவல்களோடு சேர்த்துப் பார்த்தால் உரிமையாளர் யாரென்று கண்டுபிடித்துவிட வாய்ப்புண்டு என்று அந்தக் கொள்கையிலேயே எழுதியும் வைத்திருந்தார்கள். தெரிந்தேதான் செய்தார்கள். தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் 2017 ஆகஸ்டிலேயே ஒருமனதாகத் தீர்ப்பளித்துவிட்டார்கள், அதற்குப் பிறகு நடந்த விற்பனை இது. எதிர்ப்பு வந்து 2020இல் அந்தக் கொள்கையைக் கைவிட்டார்கள். கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியுமா? தண்ணீர் என்றால் மடையை அடைக்கலாம்.

வண்டி எண்ணை வைத்து உரிமையாளரைத் தேடும் செயலியில் நானும் தேடிப் பார்த்தேன் என்பதை ஒளிக்கப்போவதில்லை. என் ஸ்கூட்டர் எண்ணைப் போட்டேன். என் பெயரில் இரண்டு எழுத்துக்கு ஒரு எழுத்து நட்சத்திரக் குறியாக மறைந்து வந்தது. முதலில் எரிச்சல்தான் வந்தது. முழு எண்ணும் கையில் இருந்தால்கூட அந்தக் கார்க்காரர் பெயர் இப்படித்தானே வரும்! அப்புறம், பத்து வருடம் முன்பு நடந்தது நினைவுக்கு வந்தது. வேலை முடிந்து வரும்போது ஒருவன் காளவாசல் சிக்னலிலிருந்து என் வண்டியைத் தொடர்ந்து வந்தான். சந்துக்குள் திரும்பாமல் நேராகப் போய், வெளிச்சமான ஒரு கடைமுன் நிறுத்தி, அவன் போகும்வரை நின்றேன். அன்றைக்கு என் எண்ணை வைத்து அவன் என் பெயரையும் வீட்டையும் எடுத்திருந்தால்? அந்த நட்சத்திரக் குறிகள் இருக்கத்தான் வேண்டும். எங்களை இடித்தவரின் பெயரும் முகவரியும் எனக்கு வேண்டாம், அவர் வீட்டு வாசலில் போய் நிற்க எனக்கு ஆசையில்லை. விசாரிக்க வேண்டிய காவல் நிலையத்துக்குத் தெரிந்தால் போதும். எனக்கு வேண்டியதெல்லாம், தகவல் யாருக்குப் போய்ச்சேர வேண்டுமோ அவர்களுக்குப் போக வேண்டும், விற்கிறவனுக்குப் போகக் கூடாது. நம் ஊரில் அது தலைகீழாக நடக்கிறது. என் பாலிசி முடியும் தேதி முன்பின் தெரியாத ஒரு கால்சென்டருக்குத் தெரிகிறது. டிஎன் 58இல் பதிவான வெள்ளைக் கார்களில் கடைசி இரண்டு இலக்கம் இன்னவை என்று சலித்து ஒரு பட்டியல் எடுத்துத்தாருங்கள் என்று நான் கேட்டால், "அதெல்லாம் டைம் எடுக்கும்மா" என்கிறார்கள்.

2023 ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அமலுக்கு வர அங்கிருந்து 18 மாதம். அதுவரை நம்மிடம் இருப்பது 1909 என்கிற புகார் எண்தான். வேண்டாத வணிக அழைப்புகளை அங்கே ஏழு நாளுக்குள் புகார் செய்யலாம். நான் ஒவ்வொன்றையும் செய்கிறேன். தேதி, நேரம், என்ன பேசினார்கள் என்று ஒரு பழைய டைரியில் எழுதி வைக்கிறேன். அப்பாதான் அந்த டைரியைக் கொடுத்தார்.

சாலைக்கு மட்டும் சட்டம் குறைவா என்ன? வண்டி ஓட்டும்போது போன் பயன்படுத்தினால் 2022 அக்டோபரிலிருந்து நம் மாநிலத்தில் 1,000 ரூபாய் அபராதம், மறுபடி மாட்டினால் 10,000. விபத்து நடந்தால் நிறுத்தி, அடிபட்டவருக்கு உதவ வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. 2022இல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள், நாட்டிலேயே அதிகம். இடித்துவிட்டு நிற்காமல் போன விபத்துகளில் மட்டும் நாடு முழுவதும் 30,486 பேர் செத்துப்போனார்கள். அந்த ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர், எண்ணைப் பார்த்தியா என்று கேட்டிருப்பார். நானும் ஒரு காலத்தில் போனை ஹெல்மெட்டுக்குள் சொருகிக்கொண்டு பேசியபடி ஓட்டியவள்தான். விட்டு ஆறு வருடம் ஆகிறது. ஒரே ஒரு தடவை அப்பா பார்த்துவிட்டார். திட்டவில்லை. "முப்பத்தோரு வருசம் பின்னாடி அம்பது பேர ஒக்கார வச்சு ஓட்டுனேன். ஒரு நாளும் கண்டக்டர்கிட்டகூடத் திரும்பிப் பேசுனதில்லம்மா" என்றார், அவ்வளவுதான்.

கிளெய்ம் ஆசாமி மறைத்துச் சொன்ன விஷயத்தைப் பிறகு நானே படித்துத் தெரிந்துகொண்டேன். அடையாளம் தெரியாத வாகனம் இடித்துக் கொடுங்காயம் ஏற்பட்டால் ஒன்றிய அரசின் திட்டத்தில் 50,000 ரூபாய் இழப்பீடு உண்டு, உயிரிழப்புக்கு 2 லட்சம். 2022 ஏப்ரலிலிருந்து இந்தத் தொகை. எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம்தான். அதற்குத் தரகர் வேண்டாம், நாமே விண்ணப்பிக்கலாம். ஆனால் எஃப்.ஐ.ஆர். வேண்டும், சி.எஸ்.ஆர். போதாது. ஏட்டையாவிடம் போனில் கேட்டேன். "பாதி நம்பர வச்சு எஃப்.ஐ.ஆர். போட்டா கேஸ் நிக்காதும்மா" என்றார். எண்ணே தெரியாவிட்டாலும் எஃப்.ஐ.ஆர். போடலாம், பிடியாணை இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று 2013லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்பின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கங்களையும் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன். அலுவலகத்தில் எடுத்தேன், ஜெராக்ஸ் கடையில் அல்ல.

வரும் செவ்வாய்க்கிழமை ஸ்டேஷனுக்குப் போகிறேன். அப்பாவும் வருகிறேன் என்கிறார். கட்டுப் பிரிக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, அலைய வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. பீரோவிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுத்துக் கொடுத்து, இடது கையைப் பிரித்துப் பெரிதாகத் தைத்துத் தரச் சொல்லியிருக்கிறார்.